“சும்மா இருங்கோ அம்மா!”

“சும்மா இருங்கோ அம்மா, உங்களுக்கேன் இந்த வயதிலை உந்தக் கரைச்சல்?”

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய எமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. அம்மா சட்டி கழுவப் போனால் மகள் சொல்கிறாள். அப்பா கடைக்குத் தனியே புறப்பட்டால் மகன் சொல்கிறான். ஊரில் பட்ட பாடு போதும், ஷெல்லுக்கும் விமானத்துக்கும் பயந்து ஊர் ஊராக அலைந்தது போதும், இனியாவது நிம்மதியாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் பிள்ளைகள் அப்படிச் சொல்கிறார்கள். அந்த அன்பில் நாம் குறை காணவில்லை. ஆனால் அந்த அன்பு எமது முதியவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்பதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

சும்மா இருத்தலைச் சைவ ஞானிகள் பெரிய நிலையாகச் சொன்னார்கள். அது ஒருவர் தாமே தேடி அடைவது. எமது தொடர்மாடி வீடுகளில் முதியவர்களுக்குக் கிடைத்திருப்பது மற்றவர்கள் கொடுத்த சும்மா. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ரொறன்ரோவில் தை மாதத்து நாளொன்றை எடுத்துக்கொள்வோம். காலை 7 மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். வெளியே பனி. கதவைத் திறந்தால் நீண்ட நடைபாதை. அயல் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. மாலை 5 மணிக்கு இருட்டிவிடுகிறது. “இன்றைக்கு என்ன செய்தீங்கள் அம்மா?” என்று மகன் கேட்டால், “என்னத்தைச் செய்யிறது, சும்மா இருந்தனான்” என்பதே பதில். பல வீடுகளில் அந்தக் கேள்வியும் இப்போது நின்றுவிட்டது.

ஊரில் என்ன இருந்தது?

ஊரில் “பொழுதுபோக்கு” என்ற சொல்லே எமது பாட்டன் பாட்டிமாருக்குத் தேவைப்படவில்லை. ஆச்சி முற்றத்தில் இருந்து பனையோலை வார்ந்து பெட்டி இழைத்தார். கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, குட்டான், வெற்றிலை வைக்கும் கொட்டப்பெட்டி என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கைகளில் இருந்து வந்தன. வேப்பம்பூ வடகம் போட்டார். ஒடியல் காயவைத்தார். அப்பு காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறினார். மாலையில் கோயில் மண்டபத்தில் கந்தபுராணம் படிக்க, பயன் சொன்னார். பொழுது இருந்தால் 304 விளையாடினார்.

இவற்றுள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். “ஆச்சி, எனக்கும் ஒரு நீத்துப்பெட்டி இழைச்சுத் தாங்கோ” என்று அயலவர்கள் தேடி வந்தார்கள். “அப்பு, இந்த முறை மிளகாய்க் கண்டு எப்ப நடலாம்?” என்று இளையவர்கள் கேட்டு வந்தார்கள். அந்தக் கேள்விதான் முதியவருக்கு மரியாதை. இங்கே வந்தபின் வீட்டில் முதியவர்தான் எல்லாவற்றையும் மற்றவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கடிதத்தை வாசித்துச் சொல்லவும் ஆள் வேண்டும். பஸ்ஸில் ஏற்றிவிடவும், வைத்தியரிடம் நோவைச் சொல்லவும் ஆள் வேண்டும். தன்னிடம் கேட்டு வர எவரும் இல்லாத மனிதர் மெல்ல மெல்லத் தன்னைப் பாரமாக எண்ணத் தொடங்குகிறார்.

அதனால்தான் முதுமையில் கைவேலையும் கலையும் நேரம் போக்கும் வழிகள் மாத்திரம் என்று நாம் கருதவில்லை. இழந்த அந்த மரியாதையை இந்த மண்ணில் மீண்டும் உண்டாக்கக்கூடிய வழிகளில் ஒன்று அது. உடலுக்கும் மனதுக்கும் அதனால் நன்மை உண்டு என்பதை வைத்திய உலகும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கலைகளில் ஈடுபடுவது நோய் வராமல் காப்பதற்கும், வந்த நோயைச் சமாளிப்பதற்கும் உதவுகிறது என்று எடுத்துக்காட்டியது.

80 வயதில் முதற் கண்காட்சி

“இனிமேல் போய் என்னத்தைப் பழகுறது?” என்று கேட்பவர்களுக்கு இரண்டு மூதாட்டிகளின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாமவர் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்துக் கமக்காரக் குடும்பத்துப் பெண். அன்னா மேரி மோசஸ் என்பது அவர் பெயர். 1860இல் பிறந்தவர். 12 வயதிலேயே பிறர் வீட்டு வேலைக்குப் போனார். 10 பிள்ளைகளைப் பெற்று 5 பிள்ளைகளைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தார். 1927இல் கணவரும் காலமானார். கம்பளி நூலால் துணியில் படங்கள் தைப்பது அவருக்குப் பிடித்த வேலை. வாதநோயினால் விரல்கள் ஊசி பிடிக்க மறுத்தன. “தைக்க முடியாவிட்டால் வண்ணம் தீட்டிப் பாரேன்” என்று சகோதரி சொன்னார். 78 வயதளவில் தூரிகையைத் தீவிரமாகக் கையில் எடுத்தார்.

அவர் வரைந்தவை அவருக்குத் தெரிந்தவை மட்டுமே. மேப்பிள் மரத்துப் பாணி காய்ச்சும் நாள், உடுப்புத் தோய்க்கும் நாள், பனியில் விளையாடும் பிள்ளைகள். ஊர்ச் சந்தைக் கண்காட்சியில் அவருடைய பழப்பாகுக்குப் பரிசு கிடைத்ததாம். படங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையாம். 1938இல் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் வைத்திருந்த படங்களை அவ்வழியே வந்த ஒருவர் கண்டு வாங்கிச் சென்றார். 1940இல், அவரது 80ஆவது வயதில், நியூயோர்க் நகரில் முதலாவது தனிக் கண்காட்சி நடந்தது. அதை நடத்திய ஒட்டோ கலிர், ஹிட்லரின் படைகள் ஒஸ்ரியாவைக் கைப்பற்றிய 1938ஆம் ஆண்டில் வியன்னாவைவிட்டு வெளியேறிய யூதர். எம்மைப் போன்ற ஓர் அகதியின் கண்ணுக்குத்தான் அந்தக் கிராமத்துக் கிழவியின் படங்களின் அருமை பட்டது. “கிரான்ட்மா மோசஸ்”, அதாவது மோசஸ் பாட்டி, என்று உலகம் அறிந்த அவர் 1961இல் 101 வயதில் இறக்கும்போது 1500க்கும் மேற்பட்ட படங்களை வரைந்திருந்தார்.

இரண்டாமவர் ஜப்பானைச் சேர்ந்த ஷிபாட்டா தோயோ. 1911இல் பிறந்தவர். ஜப்பானிய மரபு நடனம் ஆடுவது அவருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. முதுகுவலியால் அதைக் கைவிட வேண்டி வந்தது. தாயின் மனம் சோர்வதைக் கண்ட மகன், “கவிதை எழுதிப் பாருங்கள் அம்மா” என்று சொன்னார். 92 வயதில் எழுதத் தொடங்கினார். தன் ஈமச்சடங்குக்கென்று சேமித்து வைத்திருந்த பணத்தில் 2009இல், 98 வயதில், முதலாவது கவிதை நூலை வெளியிட்டார். பின்னர் ஒரு பதிப்பகம் அதை எடுத்து அச்சிட, 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. 2013இல் தமது 101ஆவது வயதில் அவர் காலமானார்.

புகழும் விற்பனையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவை எமக்கு முக்கியமும் இல்லை. இரண்டு பேருடைய வாழ்விலும் உடல் ஒரு கதவை மூடியபோது, வீட்டில் உள்ள ஒருவர் “இதைச் செய்து பாருங்கள்” என்று இன்னொரு கதவைக் காட்டினார். “சும்மா இருங்கோ” என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

முகாமில் தைத்த சரித்திரம்

“அவர்கள் தங்கள் நாட்டில் இருந்தவர்கள். நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான பேச்சு. அப்படியானால் லாவோஸ் நாட்டு மொங் மக்களைப் பார்ப்போம். 1975இல் அந்நாட்டு யுத்தம் முடிந்தபின் ஆயிரக்கணக்கான மொங் குடும்பங்கள் மீகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து அகதிமுகாம்களில் தஞ்சம் புகுந்தன. அம்மக்களின் பெண்கள் துணியில் நுட்பமான கோலங்களைத் தைப்பதில் வல்லவர்கள். முகாமில் நிலமில்லை, தொழிலில்லை. நேரம் மட்டும் நிறைய இருந்தது. அங்கே அந்தப் பழைய தையல் புது உருவம் எடுத்தது. எரியும் கிராமம், காட்டுவழி நடை, ஆற்றைக் கடக்கும் குடும்பங்கள், மறுகரையில் முகாம் என்று தாங்கள் பட்டதை எல்லாம் உருவங்களாகத் துணியில் தைத்தார்கள். சித்திரம் வரையத் தெரிந்த ஆண்கள் கோடு கீற, பெண்கள் நூலால் நிரப்பினார்கள். அமெரிக்காவுக்கு முன்னரே போய்ச் சேர்ந்த உறவினர்கள் அவற்றை விற்றுக் கொடுத்தார்கள். இன்று அந்தக் “கதைத்துணிகள்” நூதனசாலைகளில் இருக்கின்றன. தாத்தா பாட்டி எந்த வழியால் வந்தார்கள் என்பதை அங்கே பிறந்த பிள்ளைகள் துணியில் பார்த்து அறிகிறார்கள்.

எம்மிடமும் சொல்ல வேண்டிய கதைகள் இருக்கின்றன. அவற்றை எழுதி வைத்திருந்த பெட்டகங்களில் ஒன்றான யாழ்ப்பாண நூலகம் 1981இல் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. எத்தனையோ வீடுகளில் இருந்த ஏடுகளும் படங்களும் உறுதிகளும் இடம்பெயர்வுகளில் தொலைந்தன. மிச்சம் இருப்பவற்றில் பெரும்பங்கு எமது வீட்டு முதியவர்களின் தலையிலும் கையிலும்தான் இருக்கிறது. அவர்கள் சும்மா இருந்தால் அதுவும் போய்விடும்.

எங்கே தொடங்கலாம்?

புதிதாக வந்த குடும்பத்துக்குப் பணமும் இடமும் குறைவு என்பது எமக்குத் தெரியும். ஆகவே அதிகம் செலவில்லாதவற்றையே இங்கு சொல்கிறோம்.

பயிர்ச்செய்கை: தோட்டம் செய்த கைகளுக்கு மண்ணைக் காட்டுவதைவிட நல்ல மருந்து இல்லை. தொடர்மாடி பல்கனியில் நாலு வாளி போதும். கட்டட நிர்வாகத்தின் விதிகளை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் மே மாத நடுப்பகுதி வரை இரவில் உறைபனி விழக்கூடும். விக்ரோறியா தின விடுமுறையை ஒட்டியே பலர் வெளியே கன்று நடுகிறார்கள். ஆகவே மிளகாய், கத்தரி விதைகளை மார்ச் மாதத்திலேயே யன்னலோரம் முளைக்க வையுங்கள். பாகல், புடலை விதைகளை ஓர் இரவு ஊறவைத்து ஏப்ரல் கடைசியில் போட்டால் போதும். அவற்றுக்கு வேர் கலைந்தால் பிடிக்காது. வெளியே நடுவதற்கு முன் ஒரு வாரம் பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்குங்கள். கறிவேப்பிலைச் சாடியை செப்டெம்பரில் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்க முன்னர் உள்ளே எடுத்துவிடுங்கள். நகரசபை பருவத்துக்குக் கட்டணம் பெற்று வழங்கும் தோட்டத் துண்டுகளும் உண்டு. காத்திருக்க நேரும் என்பதால் இன்றே பெயரைப் பதிவது நல்லது.

ஓலையும் நூலும்: பனையோலை இங்கே இல்லை. ஆனால் இழைக்கத் தெரிந்த விரல்களுக்கு ஓலைதான் வேண்டும் என்றில்லை. பழைய பத்திரிகைத் தாளை மடித்து அரை அங்குல அகலப் பட்டிகளாக்கினால் பெட்டி இழைக்கலாம். கடைகளில் பொதி கட்டிவரும் பிளாஸ்ரிக் பட்டிகள் இன்னும் நல்லவை. வருடக் கணக்கில் இருக்கும். கிழிந்த பருத்திச் சேலைகளை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து ஓட்டுத் தையல் போட்டால் பிள்ளைக்கு இதமான போர்வை. விரல் நோகிறவர்கள் தடித்த ஊசியும் தடித்த நூலும் பாவிக்கலாம். ஊசியில் நூல் கோர்ப்பதைப் பேரப்பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் பல கதைகள் நடக்கின்றன.

எழுத்தும் குரலும்: எழுத விருப்பமுள்ளவருக்கு ஒரு கொப்பியும் பேனையும் வாங்கிக் கொடுங்கள். “உங்கள் வாழ்க்கையை எழுதுங்கோ” என்றால் எவருக்கும் மலைப்பாக இருக்கும். “உங்கடை பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில் என்னென்ன இருந்தது?” என்று கேளுங்கள், பக்கம் பக்கமாக வரும். எழுதக் கை ஏவாதவர்கள் பேசட்டும்; கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். தாலாட்டு, ஒப்பாரி, கூத்துப்பாட்டு, விடுகதை, சமையற் பக்குவம், ஊரில் ஒவ்வொரு வயலுக்கும் இருந்த பெயர் எல்லாமே பதிய வேண்டியவை. 2005இல் தொடங்கப்பட்ட “நூலகம்” என்ற எமது எண்ணிம நூலகம் இத்தகைய ஆவணங்களைப் பேணுவதற்கென்றே இயங்குகிறது. குடும்பத்தவர் இணங்கினால் அங்கேயும் சேரலாம்.

வீட்டுக்கு வெளியே: ரொறன்ரோப் பொது நூலகத்தில் நகரவாசிகளுக்கு அட்டை இலவசம். தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. தாமதமானால் அறவிடும் தண்டப் பணம் 2022இல் நீக்கப்பட்டதால் பயமின்றி எடுக்கலாம். முதியோர் நிலையங்களில் தையல், சித்திரம், பாட்டு என்று வகுப்புகள் நடக்கின்றன. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். பின்னல் பின்னும் இரண்டு பெண்களுக்கு இடையே மொழி அவ்வளவு தேவைப்படுவதில்லை. முதல் மூன்று தடவை பிள்ளைகளில் ஒருவர் கூடப் போய் விட்டு வாருங்கள். பஸ் இலக்கத்தையும் இறங்கும் தரிப்பின் பெயரையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். “சும்மா இருங்கோ” என்று சொல்லும் அதே வீட்டில், காலை 7 மணி தொடங்கி மாலை 6 மணி வரை குழந்தை பார்ப்பது யார்? பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைக்குச் சோறு போடுவது யார்? பல வீடுகளில் அம்மம்மாதான், அப்பம்மாதான். பிள்ளை பராமரிப்பு நிலையங்களின் கட்டணத்தைக் கட்ட முடியாத குடும்பங்களுக்கு அது பேருதவி. பேரப்பிள்ளைகளோடு இருப்பதில் அவர்களுக்குச் சந்தோசமும் உண்டு. ஆயினும் அதை வேலை என்று நாம் கணக்கில் எடுப்பதில்லை. வேலை என்று ஒத்துக்கொண்டால்தானே விடுமுறை கொடுக்க மனம் வரும்? வாரத்தில் ஓர் அரை நாளாவது அவர்களுடைய சொந்த நேரமாக இருக்கட்டும். அந்த நேரத்தில் எவரும் பிள்ளையைக் கொண்டுபோய் மடியில் விடக்கூடாது.

இடமும் வேண்டும். வீடு சிறியதுதான், ஆனால் யன்னலோரத்தில் ஒரு சின்ன மேசை, ஒரு நல்ல விளக்கு, சாமான்களை வைக்க ஒரு பெட்டி ஆகியவற்றுக்கு இடம் காணலாம். விருந்தாளி வருகிறார் என்று அந்தப் பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளாதீர்கள். மாதத்தில் ஒரு சிறு தொகையை, என்னத்துக்கு என்று கேட்காமல், கையில் கொடுங்கள். நூல் வாங்க 5 டொலருக்கு மகனிடம் கை நீட்ட வேண்டியிருந்தால் பலர் நூலே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள்.

கைவேலை நன்றாக வந்துவிட்டால் இன்னொரு ஆபத்து உண்டு. “அம்மா, என்ரை சிநேகிதிக்கும் நாலு செய்து தாங்கோ, கோயில் விழாவுக்கு ஐம்பது வேணும்” என்று தொடங்கினால் அதுவும் சுமையாகிவிடும். கேட்பது மரியாதை, வற்புறுத்துவது வேலை வாங்குவது. அதேபோல், செய்ததைப் பார்த்துச் சிரிப்பதும் கூடாது, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல வெறுமனே “ஆகா” என்று புகழ்வதும் கூடாது. பெட்டி இழைத்தால் அதில் பழம் போட்டு மேசையில் வையுங்கள். பாகற்காய் காய்த்தால் அன்றே கறியாக்குங்கள். பாவிப்பதுதான் பாராட்டு.

அப்பாமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குசினி அம்மாவுக்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. கடை நடத்தியவர், கந்தோரில் இருந்தவர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் ஆகியோருக்கு இங்கே அதுவும் இல்லை. உடைந்த கதிரையைத் திருத்தத் தெரிந்தவரிடம் சுத்தியலையும் ஆணியையும் கொடுங்கள். கணக்குத் தெரிந்தவரிடம் பேரப்பிள்ளையின் கணக்குக் கொப்பியைக் கொடுங்கள். புராணம் படித்தவரை நாலு பேர் கூடும் இடத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒருவர் எதிலும் நாட்டமில்லாமல், உண்ணாமல், உறங்காமல், வாரக் கணக்கில் சோர்ந்து கிடந்தால் அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளையையோ துணையையோ யுத்தத்தில் இழந்துவிட்டு வந்தவர்கள் எம்மிடையே பலர். கைவேலை அந்தத் துயரத்துக்குத் துணையிருக்கும். ஆனால் வைத்தியரின் இடத்தை அது நிரப்பாது. குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்பார்வையையும் காதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஊசி பிடிக்க மனமில்லை என்று நாம் நினைப்பது சில வேளை ஊசி தெரியவில்லை என்பதாக இருக்கும்.

இந்த வாரம் உங்கள் வீட்டு முதியவரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: “ஊரில் உங்கடை கையால செய்ததில் உங்களுக்கு ஆகப் பிடிச்சது என்ன?” பதில் வந்தபின் அதற்கு வேண்டிய சாமானைச் சனிக்கிழமைக்குள் வாங்கி வந்து மேசையில் வைத்துவிடுங்கள். அவர்கள் செய்ததைப் பற்றி அவர்களுடைய கையெழுத்திலேயே எமக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைத் திருத்துவது எமது வேலை.